ஒரு சோடி முழுதாக

வன்னியில், கனகராயன்குளத்தில் உறவுக்காரப் பிள்ளையின் கலியாணம். மூன்று வருஷமாகத் துணி சுற்றி அலுமாரியில் வைத்திருந்த கறுப்புச் சப்பாத்தை அன்றுதான் வெளியில் எடுத்தேன். மேற்தோலில் ஒரு கீறல் இல்லை. பஸ்ஸால் இறங்கி ஏ9 வீதியைக் கடக்கும்போது வலது காலடியில் ஏதோ புட்டுப்போல உதிர்வது தெரிந்தது. மண்டபப் படியில் ஏறினேன். அடிப்பகுதியில் பாதி படியிலேயே நின்றுவிட்டது. நிறைகுடத்துக்கு முன்னால் போட்டிருந்த கோலத்தில் கறுப்புத் துகள்கள் கொட்டிக் கிடந்தன.

வாங்கிய கடைக்கு அடுத்த கிழமை கொண்டுபோனேன். கடைப்பெடியன் மரியாதையாகத்தான் வாங்கிப் பார்த்தான். “இது முடிஞ்சுது அண்ணை, புதுசு எடுங்கோ” என்றான். ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து முகாமையாளர் வந்தார். அவருக்கும் தெரியவில்லை. இருவருமே நல்ல மனிதர்கள், என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. வருஷக்கணக்காகச் சப்பாத்து விற்பவர்கள், ஒரு சப்பாத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒருநாளும் பார்த்ததில்லை. அவ்வளவுதான் விஷயம்.

காரணத்தைச் சொன்னவர் கனகராயன்குளத்தில் வீதியோரம் மரநிழலில் சாக்கு விரித்து உட்கார்ந்து தைக்கிற ஐயா. சப்பாத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மிஞ்சியிருந்த அடியில் பெருவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் உள்ளே போனது.

“எவ்வளவு காலம் போடாமல் வைச்சிருந்தனீங்கள் தம்பி?”

“மூண்டு வருஷம் ஐயா.”

“அதுதான். இது தேய்ஞ்சு போன சாமான் இல்லை. இருந்து போன சாமான்.”

விஞ்ஞானம் சொல்வதும் அதையேதான். அடிப்பகுதிக்கு வார்க்கிற பொலியூரித்தேன் என்கிற நுரைப்பொருள் மெத்தென்று இருக்கும், பாரமும் குறைவு. அதில் ஒரு வகை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, மூலக்கூறுகளின் பிணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் மாவாகிவிடும். வெக்கையும் ஈரமும் சேர்ந்த நம் நாட்டில், காற்றுப் போகாத பெட்டியிலும் அலுமாரியிலும் இது கெதியாக நடக்கும். கலியாணத்துக்கென்று பொத்திப் பொத்தி வைக்கிற சப்பாத்துத்தான் முதலில் உதிரும். இந்த ஒரு வசனத்தை அந்தக் கடைப்பெடியன் என்னிடம் விற்ற அன்றே சொல்லியிருந்தால், வாரத்துக்கு ஒருநாளாவது போட்டு நடந்திருப்பேன்.

சப்பாத்துக் கொம்பனியில் வேலை செய்கிற ஒவ்வொருவரும், அவர் தைப்பவரோ விற்பவரோ கணக்கு எழுதுபவரோ, ஒரு சோடியாவது தன் கையால் முதலிலிருந்து முடிவுவரை செய்து பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு அந்த மரநிழலில்தான் உறைத்தது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. கையால் பழகாமல் சப்பாத்து விளங்காது என்பதை உலகத்தின் பெரிய சப்பாத்து ஊர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுகொண்டன. அந்தக் கதை நம்முடைய வீட்டு வாசலில் கழற்றி வைக்கிற “பாட்டா” வரைக்கும் வருகிறது.

*

ஒரு சப்பாத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வேலைப் படிகள் உண்டு. தொழிற்சாலையில் ஒருவருக்கு அதில் ஒன்றுதான் கிடைக்கும். நாக்குத் தோலின் ஓரத்தை மடித்துப் பசை தடவுகிற பிள்ளை நாள் முழுக்க அதையே செய்வாள். அவள் விரல்கள் மின்னலாக வேலை செய்யும். ஆனால் அந்த மடிப்பு ஒரு மில்லிமீற்றர் தடித்துவிட்டால் அது யாருடைய காலை எந்த இடத்தில் கடிக்கும் என்று அவளுக்கு யாரும் காட்டியிருக்கமாட்டார்கள். கையால் முழுச் சோடி செய்கிற பயிற்சி திறப்பது இந்தக் கண்ணைத்தான்.

அந்தப் பயிற்சியில் முதல் வேலை காலை அளப்பது. கடதாசியில் நிற்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையவேண்டும். பிறகு நாடா. பெருவிரல் மூட்டிலிருந்து சின்னவிரல் மூட்டு வரை ஒரு சுற்று, மேற்பாதத்தில் ஒரு சுற்று, குதியைச் சேர்த்து ஒன்று. உட்கார்ந்திருக்கும்போது அளந்த கால் எழுந்து நின்றால் நீளும். காலையில் அளந்தது பின்னேரம் பருக்கும். 26 எலும்புகள் அசைகிற உறுப்பு அது. “சைஸ் என்ன?” என்று கேட்டே பழகிய விற்பனையாளருக்கு, ஒரே இலக்கத்தில் எத்தனை விதமான கால்கள் இருக்கின்றன என்பது இங்கேதான் முதல்முறை தெரியவரும்.

இலக்கத்துக்குள் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலேயர் முறையில் ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் அங்குலத்தின் மூன்றிலொரு பங்கு. பழைய காலத்தில் ஒரு பார்லி மணியின் நீளம் என்று அதைச் சொல்வார்கள். பிரெஞ்சு முறையில் சென்ரிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்கு. நம் கடைகளில் 8 என்றும் 42 என்றும் ஒரே பெட்டியில் எழுதியிருப்பது இதனால்தான். 8 ஆம் இலக்கத்தின் அச்சு 11 அங்குலம், ஏறக்குறைய 28 சென்ரிமீற்றர். 28ஐ மூன்றில் இரண்டால் வகுத்தால் சரியாக 42. பயிற்சிக்கு வருகிற களஞ்சியப் பொறுப்பாளர் இதைத் தன் பேனையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும், பிறகு பெட்டிகளை மாற்றி அடுக்கமாட்டார்.

அச்சு என்று சொன்னேன். தொழிலில் அதை லாஸ்ட் என்பார்கள். முன்பு மரத்தில் செதுக்கினார்கள், இப்போது பிளாஸ்ரிக்கில் வருகிறது. காலின் வடிவத்தில் இருக்கும், ஆனால் கால் இல்லை. விரல் முனையில் கொஞ்சம் இடம், குதியில் இறுக்கம், நடக்கும்போது மடிகிற இடத்துக்கு வளைவு, எல்லாம் சேர்த்துச் செதுக்கியது. நல்ல அச்சில் கெட்ட தோல்கூட ஓரளவு நிற்கும். கெட்ட அச்சில் என்ன தோலைப் போட்டாலும் கால் அழும்.

அடுத்தது தோல் வெட்டு. இங்கேதான் கொள்வனவு அலுவலரை உட்காரவைக்கவேண்டும். தோலைச் சதுர அடியில் வாங்குகிறார்கள். தாளில் பத்து அடி என்றால் பத்து அடி. மேசையில் விரித்தால் அது ஒரு மாடு. முதுகுப்பக்கம் இறுக்கம், வயிற்றுப்பக்கம் தொளதொளப்பு. எந்தப் பக்கம் இழுத்தால் நீளும், எந்தப் பக்கம் நீளாது என்று கையால் இழுத்துப் பார்த்தே வெட்டுத்துண்டைக் கிடத்தவேண்டும். விரல்மேல் வரும் முன்தோலை முதுகில் எடுக்கவேண்டும். நாக்கையும் உள்தோலையும் வயிற்றில் எடுக்கலாம். முள்ளுக்கம்பி கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட குறி, எல்லாம் தோலில் அப்படியே இருக்கும். வன்னியில் வளர்ந்த எவருக்கும் இந்த அடையாளங்களைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, மாட்டில் பார்த்தவைதான். இடதுக்கும் வலதுக்கும் ஒரே நிறம், ஒரே நரம்பு வரவேண்டும் என்று இரண்டு துண்டையும் பக்கம்பக்கமாக வைத்து வெட்டும்போது, பத்து அடித் தோலில் உண்மையில் எத்தனை அடி தேறும் என்பது தெரியும். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய தோல் ஏன் செலவாக முடிந்தது என்பதும் தெரியும்.

பிறகு ஓரம் சீவுதல். இரண்டு தோல் சேரும் இடம் தடித்தால் கடிக்கும், மெலிந்தால் கிழியும். கத்தியைப் படுக்கவைத்து, மூச்சைப் பிடித்து ஓரத்தைத் தாளாக்கவேண்டும். புதிதாக வருகிற எல்லோரும் முதல் துண்டை வெட்டி எறிவார்கள்.

தையலில் ஒரு விஷயம், ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த வன்னிப் பிள்ளைகளுக்கு நேரே சொல்லவேண்டியது. துணியில் தையல் பிழைத்தால் நூலைப் பிரித்து மறுபடி ஓட்டலாம். தோல் மன்னிக்காது. ஊசி குத்திய துளை குத்தியதுதான். பிரித்தால் வரிசையாகத் துளைகள் தெரியும், அந்த இடம் முத்திரை கிழிப்பதுபோலக் கிழியும். அதனால் தோலில் தைக்கும் கை துணியில் தைக்கும் கையைவிட நிதானமானது. வேகத்துக்குப் பழகிய கையை நிதானத்துக்குப் பழக்குவதுதான் அவர்களுக்குப் பயிற்சி.

எல்லாவற்றிலும் கடினமானது தோலை அச்சில் இழுத்துக் கட்டுவது. தைத்து முடித்த மேற்பகுதி ஒரு பையைப்போலத்தான் இருக்கும். ஈரப்பதமாக்கி அச்சின்மேல் கவிழ்த்து, வாயகன்ற குறடால் விரல்முனையை ஒருமுறை, இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை என்று இழுத்து அடியில் சின்ன ஆணியால் நிறுத்தவேண்டும். ஒரு பக்கம் கூட இழுத்தால் முன்கோடு வளைந்துவிடும். குறைய இழுத்தால் சுருக்கம். விரல்முனையில் மடிப்புகளை விசிறிபோல ஒதுக்கி, சுத்தியலால் தட்டித் தட்டி இல்லாமல் பண்ணவேண்டும். கை நோகும். மணிக்கட்டு நோகும். அரை மணித்தியாலம் இழுத்த பிறகு திடீரென்று ஒரு கணத்தில் அந்தப் பை சப்பாத்தாகிவிடும். செய்தவர்கள் எல்லோரும் அந்தக் கணத்தைத்தான் சொல்வார்கள்.

அப்படிக் கட்டியதை உடனே கழற்றக்கூடாது. தோல் அந்த வடிவத்தை ஏற்றுக்கொள்ளும்வரை அச்சிலேயே கிடக்கவேண்டும். அடியை ஒட்டுவதற்குமுன் தோலின் வழுவழுப்பை அரத்தால் உராய்ந்து எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பசை பிடிக்காது. இரண்டு பக்கமும் பசை பூசி, ஈரம் வற்றும்வரை காத்திருந்துதான் ஒட்டவேண்டும். அவசரப்பட்டு ஒட்டிய அடி மழையில் வாய் பிளக்கும். இந்த மாதம் இத்தனை ஆயிரம் சோடி வேண்டும் என்று மேலிருந்து கட்டளை எழுதுகிறவர், பசை காய்கிற அந்த நிமிஷங்களில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

கடைசியில் இன்னொரு சோதனை உண்டு. ஒரு சப்பாத்து செய்வது பாதி வேலை. அதற்கு இணையாக மற்றதைச் செய்வதுதான் மீதி, அந்த மீதி பெரிது. முதற்சோடி செய்தவர்களின் இடதும் வலதும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இராது.

*

தோலை அச்சில் இழுக்கிற அந்த வேலையை இயந்திரத்தால் செய்யவே முடியாது என்று ஒருகாலத்தில் எல்லோரும் நம்பினார்கள். அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் லின் என்ற ஊர் சப்பாத்துக்குப் பெயர்போனது. அங்கே வெட்டவும் தைக்கவும் இயந்திரங்கள் வந்துவிட்டன. இழுத்துக் கட்டுகிறவர்களின் கை மட்டும் மிஞ்சியது. கெட்டிக்காரர் ஒருவர் நாளுக்கு 50 சோடி கட்டுவார். அவர்களின் வேகம்தான் முழுத் தொழிற்சாலையின் வேகம்.

அதை மாற்றியவர் ஜான் மாட்சலிகர். தென்னமெரிக்காவில் டச்சுக்காரர் ஆண்ட சுரினாமில் 1852இல் பிறந்த கறுப்பின இளைஞர். லின்னில் ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையில் தையல் இயந்திரம் ஓட்டினார். பக்கத்தில் இருந்து கட்டுகிறவர்களின் கை எப்படித் திரும்புகிறது, குறடு எங்கே வளைகிறது, பெருவிரல் எப்போது அழுத்துகிறது என்று பார்த்துப் பார்த்து, இரவில் தன் அறையில் மரத்துண்டாலும் பழைய இரும்பாலும் மாதிரி செய்தார். 1883இல் காப்புரிமை கிடைத்தது. 50 சோடி செய்த இடத்தில் இயந்திரம் சில நூறு சோடிகள் கட்டியது. சப்பாத்தின் விலை பாதிக்கு வந்தது. அவர் பணக்காரர் ஆகவில்லை. 1889இல் காசநோயால் இறந்தபோது வயது 36. கையின் வேலையை இவ்வளவு கூர்ந்து படித்தவர் என்பதால்தான் அவரால் அந்த இயந்திரத்தைச் செய்ய முடிந்தது என்று நான் நம்புகிறேன். மேசையில் இருந்து வரைந்தவர்கள் பலர் தோற்ற இடம் அது.

அதே லின்னுக்கு 1904இல் ஒருவர் வந்தார். அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்த, இன்று செக் நாட்டில் இருக்கிற ஸ்லீன் என்ற சிற்றூரில், 1894இல் அண்ணனோடும் அக்காவோடும் சேர்ந்து சப்பாத்துப் பட்டறை தொடங்கியவர். பெயர் தொமாஷ் பாட்டா. முதலாளியாக வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகவில்லை. தன் ஆட்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு, லின் தொழிற்சாலையில் கூலியாளாக நின்று வேலை பழகிவிட்டுத்தான் ஊர் திரும்பினார். பிறகு 1925இல் ஸ்லீனில் தன் கொம்பனிக்கென்றே ஒரு தொழிற்பள்ளி திறந்தார். இளைஞர்கள் பகலில் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள், பின்னேரத்தில் படித்தார்கள், விடுதியில் தங்கினார்கள். பின்னாளில் அந்தக் கொம்பனியின் பல நாட்டு மேலாளர்கள் அந்தப் பள்ளியின் பெடியன்கள்தான்.

வங்காளத்தில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் 1930களில் பாட்டாநகர் எழுந்தது. இலங்கையில் இரத்மலானையில் தொழிற்சாலை வந்தது. நம் ஊர்களில் றப்பர்ச் செருப்புக்கே “பாட்டா” என்று பெயர் விழுந்தது. எந்தக் கொம்பனி செய்தாலும் எங்களுக்கு அது பாட்டாதான். “சப்பாத்து” என்ற சொல்லும் இப்படித்தான் கடல்வழியாக, போர்த்துக்கேயரின் வாயிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. போட்டுக்கொள்ளச் சொல் தந்தவர்கள் பலர். செய்யக் கற்றுத் தந்தவர்கள் இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை.

*

ஏன் வரவில்லை என்று கேட்டால், பாதிப் பதில் நம்மிடம்தான் இருக்கிறது. இதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதமுடியாது.

தோலைத் தொடுகிறவரைத் தமிழ்ச் சமூகம் தள்ளிவைத்தது. அவர் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு, அவரையே படலைக்கு வெளியில் நிற்கவைத்தது. இலங்கையில் 1957இல் சாதி ஒதுக்கலுக்கு எதிராகச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. பதினொரு வருஷம் கழித்தும் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போகும் உரிமைக்காக மனிதர்கள் நிற்கவேண்டியிருந்தது. போர் எல்லோரையும் ஒரே பதுங்குகுழிக்குள் தள்ளியது. அதனால் பல கோடுகள் அழிந்தன என்று சிலர் சொல்வார்கள். ஆனால் “பிள்ளை என்ன படிக்கிறான்?” என்ற கேள்விக்கு “சப்பாத்துத் தைக்கப் பழகுகிறான்” என்று தலைநிமிர்ந்து சொல்லும் தகப்பனை நான் இன்னும் காணவில்லை. “லெதர் டெக்னோலஜி” என்று சொன்னால் அதே தகப்பன் சிரிப்பார். தோல் ஒன்றுதான்.

இதனால்தான் கொம்பனியின் எழுதுவினைஞரும் முகாமையாளரும் குத்தூசி பிடிக்கும் பயிற்சி எனக்குத் தொழில்நுட்பத்தைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. குளிரூட்டிய அறையிலிருந்து இறங்கி வந்து, ஒரு கிழமை தோலோடு மல்லுக்கட்டி, விரலில் குத்து வாங்கியவர், மறுநாள் தையல் வரிசையில் நிற்கிற பிள்ளையைப் பார்க்கும் பார்வை வேறாகத்தான் இருக்கும்.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. தமிழர்களுக்கு அதில் பங்கும் உண்டு. தென்னாபிரிக்காவில் காந்தி நடத்திய சத்தியாக்கிரகப் போராட்டத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்களுக்காக 1910இல் ஜொஹானஸ்பேர்க்குக்கு அருகில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. 1,100 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தவர் ஹேர்மன் கலன்பாக் என்ற கட்டடக் கலைஞர். அங்கே வாழ்ந்தவர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல. கலன்பாக் மரியன்ஹில் என்ற இடத்திலிருந்த கத்தோலிக்கத் துறவிகளின் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கப் படித்து வந்தார். வந்து காந்திக்குக் கற்றுக்கொடுத்தார். காந்தி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு கட்டடக் கலைஞரும் ஒரு பாரிஸ்டரும் தோல் வெட்டிச் செருப்புத் தைத்து நண்பர்களுக்கு விற்றார்கள். தன்னைச் சிறையில் போட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கு ஒரு சோடியை காந்தி பரிசாகக் கொடுத்தார். அவற்றைப் பல கோடைகளில் போட்டு நடந்ததாக ஸ்மட்ஸ் 1939இல் எழுதினார். அந்தப் பண்ணைக்குப் பெயர் தந்த டால்ஸ்டாயும் முதிர்ந்த வயதில் தன் கையால் பூட்ஸ் தைத்தவர்தான்.

*

தமிழில் இந்தத் தொழிலைப் பேசிப் பழகவேண்டுமென்றால் பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் போதும். சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இலிருந்து இருக்கிறது. கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் 1957இல் தொடங்கியது. பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே தொழிற்சாலைகளில் இருப்பவர்களுக்கும் அங்கே குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. வெட்டு, தையல், அச்சில் கட்டு, வடிவமைப்பு என்று கையால் செய்து பழகுகிற பயிற்சிகள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் அப்பர், சோல், லாஸ்டிங், ஸ்கைவிங் என்ற சொற்கள் தேநீர்க்கடைத் தமிழாகவே ஆகிவிட்டன. இன்னொரு பக்கமும் அங்கே உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் பெண்கள் மேற்தோலைக் கையால் தைத்துக்கொடுக்கிறார்கள். சோடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தச் சப்பாத்தின் மிக அழகான பகுதி அவர்கள் கையிலிருந்து போகிறது. அவர்களின் பெயர் எந்தத் தொழிற்சாலைப் பதிவிலும் இராது. முழுச் சப்பாத்தும் தெரிந்திருந்தால் கூலி கேட்கும் குரலும் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

2022இல் தமிழ்நாடு அரசு காலணிக்கென்றே ஒரு தொழிற்கொள்கை வெளியிட்டது. செய்யாற்றில் ஏற்கெனவே ஒரு தைவான் நிறுவனத்தின் தொழிற்சாலை கிராமத்துப் பெண்களால் நிறைந்திருந்தது. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2022இல் அடிக்கல் வைத்த காலணிப் பூங்காவில் மறுவருஷமே உற்பத்தி தொடங்கியது. வயல்வேலை தெரிந்த பிள்ளைகள் அச்சில் கட்டப் பழகுகிறார்கள். வன்னிக்கும் பெரம்பலூருக்கும் வெயிலிலும் மண்ணிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

*

இப்போது கனகராயன்குளத்துக்குத் திரும்புவோம். இந்த ஊரின் பெயரைச் சுமக்கிற கனகராயன் ஆறு வடக்கே ஓடி இரணைமடுவை நிரப்புகிறது. 1990களின் பிற்பகுதியில் படையினர் இந்த ஊரைப் பிடித்தார்கள், 1999 நவம்பரில் அது திரும்பப் புலிகளின் கைக்கு மாறியது. அந்தப் போர்க்காலத்தில் சனம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு காட்டுப் பாதையால் நடந்தது. எத்தனை பேருக்குக் காலில் செருப்பு இருந்தது என்பதைப் பற்றி எவரும் எழுதி வைக்கவில்லை.

ஏ9 வழியே வடக்கில் அடுத்த பெரிய சந்தி மாங்குளம். காங்கேசன்துறை, பரந்தன் ஆகியவற்றோடு மாங்குளத்திலும் முதலீட்டு வலயம் அமைக்க அரசு திட்டமிட்டிருக்கிறது. அதற்கு அப்பால் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனம், மின்சாரம், கட்டுமானம், உணவு என்று நல்ல பாடங்கள் நடக்கின்றன. ஆடைத் தொழிற்சாலைகள் வந்து கன காலம். விடியற்காலையில் கொம்பனி பஸ்ஸுக்காகச் சந்திகளில் நிற்கிற பிள்ளைகளை இந்த வீதியில் போகிற எவரும் பார்த்திருப்பார்கள். நாளைக்கு ஒரு சப்பாத்துக் கொம்பனி இங்கே வந்தால், அதுவும் இதே பிள்ளைகளைத்தான் எடுக்கும். எடுத்து, ஆளுக்கு ஒரு தையல் கொடுக்கும். அந்த ஒரு தையலோடு அவர்களை விட்டுவிடக்கூடாது என்பதுதான் என் கவலை. சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒவ்வொரு பிள்ளையும் தன் காலுக்கு ஒரு சோடி முழுதாகச் செய்யவேண்டும். அதைப் போட்டுக்கொண்டே வேலைக்கு வரட்டும். கொம்பனி நாளை மூடினாலும் அந்தக் கை மூடாது. சந்தியில் ஒரு சின்னப் பட்டறை போட்டுப் பிழைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. வன்னியின் கால்களுக்கு இன்னும் யாரும் சப்பாத்துச் செய்யவில்லை.

செருப்பில்லாமல் வளர்ந்த கால்கள் இவை. முன்பாதம் அகன்று, விரல்கள் பிரிந்து நிற்கும். கடையில் கிடைக்கிற அச்சோ வேறு நாட்டு ஒடுங்கிய காலுக்குச் செதுக்கியது. 1992இல் ஒரு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. தென்னிந்தியாவில் 2,300 பிள்ளைகளின் பாதங்களைப் பார்த்தார்கள். காலணி போடுகிற பிள்ளைகளில் 100க்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரிகிறவர்களில் 2.8 பேருக்குத்தான். விரல் மூடிய சப்பாத்துப் போட்டவர்களில் அது இன்னும் கூட. நம் பிள்ளைகள் பலருக்குக் கல்வி அமைச்சு சப்பாத்து வவுச்சர் கொடுத்திருக்கிறது. நல்ல காரியம், வெறுங்காலோடு பள்ளிக்கு வருகிற பிள்ளையைப் பார்த்தவர் எவரும் அதைக் குறைசொல்லமாட்டார். ஆனால் அந்த வவுச்சருக்குக் கிடைக்கிற சப்பாத்து யாருடைய காலை அளந்து செய்தது என்ற கேள்வியை, ஒருமுறையாவது அச்சைக் கையில் பிடித்தவர்தான் கேட்பார்.

வயலுக்குள் இறங்குகிற காலைப் பாருங்கள். சேற்றில் கண்ணாடி விரியன் கிடக்கும். எலிக்காய்ச்சல் கிருமி வெடித்த குதியால் உள்ளே போகும். நீள றப்பர்ப் பூட்ஸைப் போட்டால் சேறு கவ்விக்கொள்ளும். இரண்டு எட்டு வைத்ததும் கால் வெளியே வரும், பூட்ஸ் உள்ளே நிற்கும். அதனால் விவசாயி வெறுங்காலோடு இறங்குகிறார், விரியன் கடிக்கிறது. சேற்றிலிருந்து உருவி எடுக்கக்கூடிய, கணுக்கால்வரை மூடிய, வெக்கையில் அவியாத ஒரு காலணி வேண்டும். உலகத்துக்கு றப்பர் விற்கிற நாடு இது. ஆசியாவின் றப்பர்க் கதையே 1876இல் ஹெனரத்கொட தாவரவியல் தோட்டத்தில் நட்ட கன்றுகளோடுதான் விரிந்தது.

கண்ணிவெடியில் காலை இழந்தவர்களை மறந்து வன்னியில் காலணி பற்றிப் பேசமுடியாது. அவர்களில் பலர் போட்டு நடக்கிற ஜெய்ப்பூர்க் கால் 1968இல் பிறந்தது. மருத்துவர் பி. கே. சேத்தியோடு சேர்ந்து அதைச் செய்தவர் ராம் சந்திர சர்மா, அதிகம் பள்ளிக்கூடம் போகாத கைவினைஞர். மேல்நாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்துக் கட்டாயம். குந்தியிருக்கவோ சேற்றில் நடக்கவோ முடியாது. சர்மாவின் கை அதை றப்பரில் மாற்றியது. வெறுங்காலாகவே தெரிகிற, குந்த விடுகிற, வரம்பில் நடக்க விடுகிற பாதம். யாழ்ப்பாணத்திலும் அந்தப் பாதத்தைச் செய்து கொடுக்கிறார்கள். மருத்துவம் படித்த கண்ணுக்குத் தெரியாதது தோலும் றப்பரும் பழகிய விரலுக்குத் தெரிந்தது.

வேலூரில் 1946இலிருந்து வேலை செய்த மருத்துவர் போல் பிராண்ட் கண்டதும் இதன் பக்கத்தில்தான். தொழுநோயாளிகளின் பாதங்கள் நோயால் அழுகவில்லை. வலி தெரியாததால் ஒரே இடத்தில் அழுத்தம் பட்டுப் பட்டுப் புண்ணாகின்றன. மெத்தென்ற நுண்துளை றப்பர் அடி போட்ட செருப்பு அந்தக் கால்களை அறுவைக் கத்தியிலிருந்து காப்பாற்றியது. இன்று அதே கதை நீரிழிவுக் கால்களுக்கு. உணர்வு செத்த பாதத்துக்கு ஒரு மடிப்பு, ஒரு தடித்த தையல் போதும். நாக்குத் தோலின் ஓரம் மடிக்கிற பிள்ளையை முதலில் சொன்னேன். அவளுடைய ஒரு மில்லிமீற்றர் இங்கே வந்து நிற்கிறது.

*

என்னுடைய சப்பாத்தை ஐயா எறியவில்லை. உதிர்ந்த அடியைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். மேற்தோல் நல்லது என்றார். றப்பர்த் தகட்டில் என் காலடியை வரைந்து வெட்டினார், அரத்தால் உராய்ந்தார், இரண்டு பக்கமும் பசை பூசி வெயிலில் வைத்தார். நான் ஒட்டலாமா என்று கேட்டேன். “பொறுங்கோ தம்பி, அது தானாச் சொல்லும்” என்றார். விரலின் புறத்தால் தொட்டுப் பார்த்தார். ஒட்டாத அளவுக்கு வற்றியதும் சேர்த்து வைத்துச் சுத்தியலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டு போனார். பிறகு சுற்றிவரக் கையால் தையல்.

இடது சப்பாத்தின் குதியில் ஒரு சாண் மிஞ்சியிருக்கும்போது, குத்தூசியை என்னிடம் நீட்டினார். நான் கேட்கவில்லை. முதல் குத்தில் றப்பர் என் பலத்தைத் திருப்பித் தள்ளியது. ஊசியை உடம்பால் அழுத்தாமல் மணிக்கட்டால் திருப்பி இறக்கச் சொன்னார். இறங்கியது. மெழுகு தடவிய நூலை இரண்டு பக்கமும் மாற்றிக் கோத்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இழுத்தேன். நாலு தையல். மற்றத் தையல்களைவிட அவை கொஞ்சம் நீளம், கொஞ்சம் சரிவு. அவர் பிரிக்கவில்லை. பிரித்தால் துளை தெரியும் என்றார்.

அந்தச் சப்பாத்தை இப்போது அலுமாரியில் வைப்பதில்லை. கிழமைக்கு இரண்டு நாள் போட்டு நடக்கிறேன்.